உளைச்சலும் சப்பாத்தும்

ராமநாதன் அண்ணை எங்கடை சோபாவின்ரை நுனியிலை வந்து இருந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு என்ரை மனுசனுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்.

"சிவஞானம், வயசுல பெரியவன்ங்கற உரிமையில சொல்றேன். தப்பா நெனக்கக் கூடாது. பொண்டாட்டி மனசு நோகாம பாத்துக்கறதுதான் புருஷனுக்கு அழகு."

"ஓம் அண்ணை," எண்டார் இவர்.

அது எழுபதுகளின்ரை நடுப்பகுதி, நாங்கள் யாழ்ப்பாணத்திலையிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிசு. சென் ஜேம்ஸ் ரவுணிலை உயரமான ஒரு கட்டடத்திலை எங்கடை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியிலை பனி உருகி, றோட்டெல்லாம் சேறும் தண்ணியுமாய்க் கிடந்தது. ராமநாதன் அண்ணையும் கோமதி அக்காவும் எங்களுக்கு மேல்மாடி. மதுரைப் பக்கத்து ஆக்கள். அண்ணை ஒஷாவாவிலை கார் செய்யிற இடத்திலை எஞ்சினியர். அந்தக் கட்டடத்திலை தமிழ் கதைக்க எங்களுக்கு அவை, அவைக்கு நாங்கள். வேறை ஒருத்தரும் இல்லை.

நான் குசினிக்குள்ளை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டன். கோமதி அக்கா பக்கத்திலை நிண்டு என்ரை கையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. அவவின்ரை கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவையின்ரை ஊரிலை ஆரும் செத்துப்போச்சினமோ எண்டு யோசிச்சன்.

ஹோலிலையிருந்து அண்ணையின்ரை குரல் உயர்ந்தது. "ராத்திரி பூரா அவங்க தூக்கம் இல்லாம நடக்கறாங்க. நீங்க ஒரு சப்பாத்திய வாங்கிக் குடுத்துட்டு திரும்பிப் படுத்துத் தூங்கறீங்க. இது நியாயமா?"

"அது டொக்டர் சொல்லித்தான் வாங்கினது அண்ணை," எண்டார் இவர், பயந்து பயந்து.

"டாக்டரா? டாக்டர் எதுக்குச் சப்பாத்தி வாங்கச் சொல்றார்?"

கேத்தில் கையிலை இருக்க நான் அப்பிடியே நிண்டிட்டன்.

இந்தக் கூத்து எப்பிடித் தொடங்கினது எண்டு சொல்லவேணுமெண்டால், என்ரை காலிலையிருந்துதான் தொடங்கவேணும்.

படுத்தால் எழும்புற கால்

ஒரு துணிக்கடையிலைதான் நான் அப்ப வேலை. நீட்டு மேசைக்குப் பின்னாலை நிண்டு, துணியை அளந்து, வெட்டி, மடிச்சுக் குடுக்கவேணும். காலமை நிண்டால் பின்னேரம் கடை பூட்டுமட்டும் நிக்கிறதுதான். கெதியிலை மீற்றர் வரப்போகுது, யார் எண்ட கெஜக் கணக்கை மறவுங்கோ எண்டு மனேச்சர் அப்பவே சொல்லத் தொடங்கியிட்டார். வாற கிழவியள் ஆர் கேட்டினம்? "யார்க் கணக்கிலை வெட்டு மகளே" எண்டுதான் நிப்பினம்.

பகலிலை என்ரை காலுக்கு ஒரு குறையும் இல்லை. இரவு கட்டிலிலை படுத்து, போர்வையை இழுத்து மூடினவுடனைதான் அது எழும்பும். முழங்காலுக்குக் கீழை, எலும்புக்குள்ளையோ சதைக்குள்ளையோ எண்டு சொல்லேலாத ஒரு இடத்திலை, உளையத் தொடங்கும். குத்தாது. எரியாது. உளையும். காலை நீட்டினாலும் சரிவராது, மடக்கினாலும் சரிவராது. எழும்பி நாலடி நடந்தால் போயிடும். திரும்ப வந்து படுத்தால் திரும்ப வரும். சனியன்.

செய்யாத வைத்தியம் இல்லை. நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்ச்சன். சுடுதண்ணிக்குள்ளை உப்புப் போட்டுக் காலை வைச்சுக்கொண்டு இருந்தன். தலகணியைக் காலுக்குக் கீழை வைச்சன். பழைய சேலையைக் கிழிச்சுக் கெண்டைக்காலைச் சுத்தி இறுக்கிக் கட்டினன். எங்கடை அம்மா தேர் பாத்துப்போட்டு வந்து படுக்கிற நாளிலை அப்பிடித்தான் கட்டுவா. அவவுக்கு அது ஒரு இரவோடை சரி. எனக்குக் காலமை எழும்பேக்கை கட்டின அடையாளம் மட்டும் மிச்சம்.

அப்ப இரவிலை நான் நடப்பன். அறையிலையிருந்து ஹோல், ஹோலிலையிருந்து குசினி, திரும்ப அறை. கட்டிலிலை இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பார். ஒரு அசுமாத்தம் இராது. எனக்கு அந்த முதுகைப் பாக்கப் பாக்கப் பத்திக்கொண்டு வரும். என்ன மாதிரி நித்திரை கொள்ளுது பார் இந்த மனுசன்!

அதோடை குசினி லைற்றும் விடியவிடிய எரியும். கடைசியாய்ப் படுக்க வாறவர் இவர்தான். நூத்துப்போட்டு வாறதுக்கு என்ன? காலமை எழும்பின உடனை அதுக்கொரு பேச்சு விழும். "லைற்றை நூக்கிறதுக்குக்கூட உங்களுக்கு ஞாபகம் இல்லை" எண்டுவன். "மறந்துபோனன்" எண்டுவார். அடுத்த நாளும் அதே லைற், அதே பேச்சு, அதே "மறந்துபோனன்".

நித்திரை இல்லாத ஆளுக்குப் புத்தி நேராய் ஓடாது. கடையிலை ஒரு நாள் விலையான பட்டைக் கோணலாய் வெட்டிப்போட்டு நிண்டன். பஸ்ஸிலை இருந்தபடியே தூங்கி வழிஞ்சன். இந்த நாட்டுக் குளிர் என்ரை காலுக்குள்ளை புகுந்திட்டுது எண்டு எனக்கு ஒரு எண்ணம் பிடிச்சிட்டுது. ஒரு நாள் சாப்பிடேக்கை இவருக்குச் சொன்னன்: "அடுத்த பனி விழ முன்னம் இந்தக் கால் சுகம் வராட்டி நான் யாழ்ப்பாணம் போறன். நீங்கள் இருக்கிறதெண்டால் இருங்கோ."

சும்மா வெருட்டேல்லை. மெய்யாய்த்தான் சொன்னன். கலியாணம் கட்டி வந்து முழுசாய் இரண்டு வருசம் ஆகேல்லை.

இவர் சோத்தைக் குழைச்சபடி "ம்" எண்டார். அவ்வளவுதான். அந்த "ம்" என்ரை நெஞ்சிலை முள்ளாய்க் கிடந்தது.

அடிக்கணக்குக்காரர்

"ம்" எண்ட மனுசன் அடுத்த கிழமை லீவு போட்டுக்கொண்டு என்னை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனார். வழியிலை ஒரு கட்டளையும் போட்டார். "நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம். உம்மடை இங்கிலீசு அவைக்கு விளங்காது. நான் சொல்லுறன்."

இவர் கட்டடப் படம் கீறுற கந்தோரிலை வேலை. நாள் முழுக்க ஃபுட், இஞ்ச், ஃபுட், இஞ்ச். தமிழிலை எங்களுக்குக் கால் எண்டால் இடுப்பிலையிருந்து விரல் நுனி மட்டும் எல்லாம் கால்தான். கதிரைக்கும் கால், பந்தலுக்கும் கால். வெள்ளைக்காரன்தான் அதை வெட்டி மேலைக்கு ஒரு பேர், கீழைக்கு ஒரு பேர் வைச்சிருக்கிறான். எங்கடை ஆளுக்கு அவசரத்துக்கு வாயிலை வந்தது தன்ரை வேலைச் சொல்லு.

"ஹெர் ஃபுட் இஸ் பெயினிங், டொக்டர்," எண்டார் நெஞ்சை நிமித்திக்கொண்டு.

டொக்டர் பாவம், சொன்னதைத்தானே பாப்பார். என்ரை பாதத்தைத் தூக்கிப் பிடிச்சார். உள்ளங்காலை அமத்தினார். விரலை ஒவ்வொண்டாய் ஆட்டினார். எனக்குக் கூச்சத்திலை சிரிப்பு வந்திட்டுது. நான் முழங்காலுக்குக் கீழை கையைக் காட்டி வாயைத் திறக்க, இவர் "பொறும், பொறும்" எண்டார். நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறவ, பாதத்துக்குத் தாங்கு காணாது எண்டு முடிவாச்சு. ஒரு சப்பாத்து எழுதித் தந்தார்.

அந்தச் சப்பாத்தை நீங்கள் பாத்திருக்கவேணும். மண்ணிறம். ஆமை மாதிரி முதுகு. சேலைக்குக் கீழை அதைப் போட்டுக்கொண்டு நான் நடந்து வரேக்கை, பொலிஸ்காரன் ஒருத்தன் சேலை கட்டிக்கொண்டு வாற மாதிரி இருந்திருக்கும். போட்டன். பகலிலை நோகாத பாதம் பகலிலை இன்னும் சுகமாய் இருந்தது. இரவிலை கால் வழமைபோல உளைஞ்சது. சப்பாத்தோடை படுக்கேலுமே?

துணி தோய்க்கிற இடத்திலை

கட்டடத்துக்குக் கீழை எல்லாருக்கும் பொதுவாய் உடுப்புத் தோய்க்கிற மெசின் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அங்கை கோமதி அக்காவைக் கண்டன். என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு, "என்ன ராணி, கண்ணுக்குக் கீழ கருவளையம்?" எண்டு கேட்டா.

அப்பிடிக் கேட்க ஒரு ஆள் கிடைச்ச ஆறுதலிலை நான் கொட்டினன். "இரவிலை ஒரே உளைச்சல் அக்கா. படுக்கேலாது. எழும்பி நடந்துகொண்டு திரியிறன். இவருக்குச் சொன்னால் ஒரு சப்பாத்தை வாங்கித் தந்துபோட்டு நல்ல நித்திரை. நான் ஊருக்குப் போகப்போறன்."

கோமதி அக்கா என்ரை தலையைத் தடவினா. ஈரச் சட்டையைக் கூடைக்குள்ளை போட்டுப்போட்டு விறுவிறுவெண்டு மேலை போயிட்டா. அக்காவுக்கு ஏதோ அவசரம் எண்டு நினைச்சன்.

அவையின்ரை ஊர்த் தமிழிலை உளைச்சல் எண்டால் மனசுக்கு வாறது எண்டு எனக்கு ஆர் சொன்னது? எங்களுக்குக் காலும் உளையும், இடுப்புக்குப் பின்னாலை நாரியும் உளையும், மாவிடிச்சால் கையும் உளையும். அவைக்கு உளையிறது மனசு மட்டும்தானாம். சப்பாத்து எண்ட சொல்லையும் அக்கா அதுக்கு முன்னம் கேள்விப்படேல்லை. அவை அதை ஷூ எண்டுதான் சொல்லுறவை. அப்ப என்ரை கதை அவவின்ரை காதிலை எப்பிடிப் போய் விழுந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. புருசனாலை மனசு நொந்து, இரவிரவாய் நடந்து திரியிற பெண். அவளுக்கு ஒரு சப்பாத்தியை வாங்கிக் குடுத்துப்போட்டுக் குறட்டை விடுற கொடுமைக்காரன்.

திரும்பவும் சோபா

ஹோலுக்குள்ளை ராமநாதன் அண்ணை விடுற மாதிரி இல்லை. "ஊருக்கே போறேன்ங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லித் தடுக்க வேண்டாமா?"

நானும் காதைக் குடுத்துக் கேட்டன். சப்பாத்தியை விட எனக்கு அதுதான் முக்கியம்.

பிறகு இவர் மெல்லச் சொன்னார்: "போகட்டும் அண்ணை. அங்கை போய் எண்டாலும் நித்திரை கொள்ளட்டும்."

போகட்டுமாம்! எவ்வளவு லேசாய்ச் சொல்லுறார். அந்தக் கோவத்திலை கேத்திலை வைச்சுப்போட்டு, கதவடிக்குப் போய், அந்த மண்ணிறப் பூதம் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து ஹோலின்ரை நடுவிலை தொப்பெண்டு போட்டன்.

"இதுதான் அண்ணை இவர் வாங்கித் தந்த சப்பாத்து. வேணுமெண்டால் நீங்களும் ஒரு கடி கடியுங்கோ."

அண்ணை ஷூவைப் பாத்தார். என்னைப் பாத்தார். பின்னாலை வந்து நிண்ட கோமதி அக்காவைப் பாத்தார். "கோமதி, நீ சப்பாத்தின்னுதானே சொன்ன?"

"அவங்க அப்படித்தாங்க சொன்னாங்க! அப்போ ராணி, உளைச்சல்?"

"கால் உளைச்சல் அக்கா! கால்!" எண்டு சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலிலை ஒரு அடி போட்டுக் காட்டினன்.

"அட பாவி மகளே, கால் குடைச்சலா!"

எங்கடை பக்கத்திலை குடைச்சல் எண்டால் மற்ற ஆளுக்குத் தொந்தரவு குடுத்து அரியண்டப்படுத்துறது. நான் முகத்தை நீட்டிக்கொண்டு, "நான் ஆருக்கு அக்கா குடைச்சல் குடுத்தனான்?" எண்டு கேட்டன். அதுக்குப் பிறகு ஒருத்தராலும் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு. ராமநாதன் அண்ணை சோபாவிலை சாய்ஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். கோமதி அக்கா கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரிச்சா. கடைசியாய் விளங்கினது இவருக்குத்தான். விளங்கின உடனை, "அப்ப நான் கெட்டவன் இல்லையே அண்ணை?" எண்டு கேட்டார். அந்த முகத்தைப் பாக்க எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் "போகட்டும்" உள்ளுக்கை கிடந்தது.

சிரிச்சு முடியக் கோமதி அக்கா சொன்னா, தனக்கும் மூத்தவன் வயித்திலை இருக்கேக்கை இதே குடைச்சல் வந்ததாம். தன்ரை லேடி டொக்டரிட்டைப் போகச் சொன்னா.

வாயைத் திறக்கக் கூடாது

இந்த முறை கட்டளை என்ரை. ஸ்ரீற்கார் எண்ட தெரு ட்ராமிலை போகேக்கையே சொல்லிப்போட்டன். "நீங்கள் வெளியிலை கதிரையிலை இருங்கோ. நீங்கள் உள்ளுக்கை வந்து வாயைத் திறந்தால் என்ரை காலை வெட்டிப்போடுவினம்."

டொக்டர் அம்மா நரைச்ச தலை, கழுத்திலை நூலிலை தொங்கின கண்ணாடி. "என்ன பிரச்சினை?" எண்டு கேட்டா. உளைவுக்கு இங்கிலீசு எனக்குத் தெரியாது. இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்சதை வைச்சுச் சொன்னன்.

"ஐ ஸ்லீப், டொக்டர். மை லெக் நோ ஸ்லீப்."

அவ சிரிக்கப்போறா எண்டு நினைச்சன். அவ சிரிக்கேல்லை. பேனையைக் கீழை வைச்சுப்போட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தா. எங்கை எண்டு காட்டச் சொன்னா. முழங்காலிலையிருந்து கணுக்கால் மட்டும் தடவிக் காட்டினன். நடந்தால் போகுதோ? ஓம். படுத்தால் வருகுதோ? ஓம். கனநேரம் சும்மா இருந்தாலும் வருகுதோ? ஓம், டொக்டர், ஓம். நான் சொல்லாததை எல்லாம் அவ கேட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது. இது என்ரை மனப்பிரமை இல்லை எண்டு அண்டைக்குத்தான் நம்பினன்.

சதை முறுக்கிப் பிடிச்சுக் கல்லுமாதிரி ஆகிற நோ வேறை, நரம்பு புடைச்சு வாற நோ வேறை, உம்மடை இது வேறை எண்டு அவ ஆறுதலாய் விளங்கப்படுத்தினா. ரத்தம் எடுத்தவை. அடுத்த முறை போகேக்கை முடிவு வந்திருந்தது. ரத்தத்திலை இரும்புச் சத்துச் சரியான குறைவு. அதாலையும் இப்பிடிக் கால் உளையுமாம்.

என்ன சாப்பிடுறீர் எண்டு கேட்டா. மரக்கறிதான் எண்டன். தேத்தண்ணி? அதை ஏன் கேப்பான்! காலமை எழும்பித் தேத்தண்ணி, சாப்பாட்டோடை தேத்தண்ணி, நித்திரை முழிச்ச அலுப்புக்கு இன்னும் இரண்டு தேத்தண்ணி. அவ தலையிலை கை வைச்சா. சாப்பாட்டிலை இருக்கிற கொஞ்ச இரும்பையும் தேத்தண்ணி உடம்பிலை சேர விடாதாம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையிலை நேரம் விடு, நான் தாற இரும்புக் குளிசையைத் தோடம்பழம், அதுதான் ஒரேஞ்சு, அதின்ரை சாறோடை போடு, கீரை, பயறு, பருப்பு வடிவாய்ச் சாப்பிடு. படுக்க முன்னம் சுவரிலை கையை ஊண்டிக் கெண்டைக்காலை நீட்டி இழு, இளஞ்சுடுதண்ணியிலை குளி.

வெளியிலை வந்தால் இவர் எழும்பி நிக்கிறார். "என்னவாம்? ஃபுட்டோ, லெக்கோ?"

"ஃபூட்," எண்டன், சாப்பாட்டைத்தான் சொன்னன்.

"பாத்தீரே! நான் அண்டைக்கே சொன்னனான்!"

ஸ்ரீற்கார் வந்து ஏறி இருந்த பிறகுதான் அவருக்கு விளங்கப்படுத்தினன்.

இதை வாசிச்சுப்போட்டுக் கடைக்கு ஓடி இரும்புக் குளிசை வாங்கிப் போடாதேங்கோ, சொல்லிப்போட்டன். போன மாசம், இப்ப நாங்கள் இருக்கிற வோபர்னிலை, பக்கத்து வீட்டு அன்ரி அப்பிடித்தான் கேட்டவா. என்ரை கால் என்ரை கால், உங்கடை கால் உங்கடை கால். ரத்தத்தைப் பாத்துப்போட்டு டொக்டர் சொல்லவேணும். இரும்பு கூடினாலும் கூடாது.

குசினி லைற்

உடனை ஒண்டும் மாறேல்லை. தேயிலை இருந்த தகரப் பேணியை இவர் எனக்கு எட்டாத தட்டிலை ஏத்தி வைச்சார். தானும் சாப்பாட்டோடை குடிக்கிறதை விட்டார். "உங்களுக்கு என்னத்துக்கு?" எண்டு கேட்க, "நீர் பாத்துக்கொண்டிருக்க நான் குடிக்கிறதோ" எண்டார். வேலையாலை வரேக்கை கீரைக்கட்டோடை வருவார். அது கீரையோ, சலாட் இலையோ, வேறை என்ன புல்லோ, சில நாள் எனக்கே தெரியாது. எல்லாத்தையும் பருப்போடை போட்டுக் கடைஞ்சன். சுவரைப் பிடிச்சுக் காலை இழுக்கேக்கை, "சுவரைத் தள்ளி விழுத்திப்போடாதையும், மற்றப் பக்கம் ஆக்கள் இருக்கினம்" எண்டு பகிடி விடுவார்.

மரங்கள் துளிர்த்து, இலை பெருத்து, வெய்யில் ஏறின பிறகு, ஒரு நாள் காலமை கண்ணை முழிச்சால் அறை முழுக்க வெளிச்சம். எனக்குத் திக்கெண்டது. எத்தினை மணி? கடைக்குப் பிந்திப்போச்சோ? அண்டைக்கு ஞாயிறு எண்டு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. போர்வை கலையேல்லை. படுத்த பக்கத்திலையே கிடக்கிறன். கால் இரண்டும் எனக்கு முன்னாலை சாதுவாய்க் கிடக்குது. இரவு நான் எழும்பவே இல்லை.

குசினிக்கு ஓடினன். இவர் சாரம் கட்டினபடி மேசையடியிலை இருக்கிறார். கண் இரண்டும் சிவந்து போய். வெளியிலை அவ்வளவு வெய்யில், குசினி லைற் பத்திக்கொண்டு கிடக்குது.

"இரவு நீர் நடக்கேல்லை," எண்டார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள்தானே செத்த பிணம் மாதிரி நித்திரை கொள்ளுறனீங்கள்."

"நீர் நடந்து முடிச்சு வந்து படுத்தாப்பிறகுதான் எனக்கு நித்திரை வாறது. இரவு நடக்கிற சத்தமே கேக்கேல்லை. எனக்குப் பயமாய்ப் போச்சு. இரண்டு தரம் எழும்பி இருந்து உம்மடை மூக்கடியிலை விரலை வைச்சுப் பாத்தனான்."

அவ்வளவு நாளும் நான் திட்டின அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் கண் முழிச்சுக்கொண்டு கிடந்திருக்குது. அப்பதான் "போகட்டும்" என்னெண்டு எனக்கு விளங்கினது. இரவிரவாய் என்ரை காலடியைக் கேட்டுக்கொண்டு கிடந்த மனுசன் வேறை என்னத்தைச் சொல்லும்?

"முழிச்சிருந்தனீங்கள் எண்டால் ஏனப்பா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? சப்பாத்து வாங்கித் தந்தவனுக்கு வாய் இருக்கே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டாய் வந்தது. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் மேலை கையைக் காட்டினன். "அப்ப உந்த லைற்? உதையும் முழிச்சுக் கிடந்துகொண்டே நூக்கேல்லை?"

இவர் லைற்றைப் பாத்தார். பிறகு மேசையைப் பாத்தார்.

"நீர் இருட்டுக்கை தடக்கி விழுந்திடுவீர் எண்டு."

இத்தினை மாசமாய் எவ்வளவு பேச்சுப் பேசியிருப்பன் அந்த லைற்றுக்கு. ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லியிருப்பாரே? "மறந்துபோனன், மறந்துபோனன்" எண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அண்டைக்கு இவரிலை வந்த விருப்பம், சொன்னால் என்ன, கலியாணம் கட்டின நாளிலைகூட வரேல்லை.

தேயிலைப் பேணியை நானே கதிரையிலை ஏறி எடுத்தன். வெறும் வயித்திலை, சாப்பாட்டுக்கு நேரம் விட்டு, இரண்டு பேரும் குடிச்சம். ஊருக்குப் போற கதையை அதுக்குப் பிறகு நான் எடுக்கேல்லை. அவரும் கேக்கேல்லை.

அண்டைக்கு இரவு நான் முதல் போய்ப் படுத்தன். இவர் வழமைபோலக் கடைசியாய் வந்தார். வாசலிலை நிண்டு என்னைப் பாத்தார். திரும்பிப் போய்க் குசினி லைற்றை நூத்துப்போட்டு, இருட்டுக்கை தடவித் தடவி வந்து படுத்தார்.